பரீட்சை ஹால் கடிகாரம்

மலர்க் குழுவில் இருக்கும் நண்பர் போன் செய்தார். "இந்தத் தடவை நீங்க கட்டாயம் எழுதணும். ஆனா ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பத்தி வேண்டாம், ஏற்கெனவே நாலு பேர் அனுப்பிட்டாங்க" என்றார். சாம்பாரை விட்டால் எனக்குத் தெரிந்தது மின்சாரம். முப்பத்தைந்து வருடம் மின்வாரியத்தில் குப்பை கொட்டியவன் வேறு எதை எழுதுவது? ஆகவே, சென்ற ஆண்டு என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நான் ரிப்பேர் செய்த ஒரு பழைய மின்சாரக் கடிகாரத்தைப் பற்றியும், அதன் பூர்வீகத்தைப் பற்றியும் எழுதுகிறேன். கூடவே, ஐம்பது வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டியிருக்கிறது. அது கடைசியில் வரும். அவசரப்பட்டுப் பக்கத்தைப் புரட்டாதீர்கள்.

வீட்டுக்கு வந்த விருந்தாளி

நான் 1971-ல் சேர்ந்து 1976-ல் வெளியே வந்த ஐந்து வருட பி.இ. எலெக்ட்ரிகல் செட். சில வருடங்களுக்கு முன் சங்கக் கூட்டத்துக்காகக் கல்லூரிக்குப் போயிருந்தபோது, பழைய பிளாக்கின் ஸ்டோர் ரூமைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். உடைந்த ஸ்டூல், ரெட்டை வால் ரெயின்கேஜ், முள் போன அம்மீட்டர் எல்லாம் மரத்தடியில் குவிந்து கிடந்தன. அந்தக் குவியலில் குப்புறக் கிடந்தது ஒரு வட்டமான தேக்கு மரப் பெட்டி. திருப்பிப் பார்த்தேன். வெள்ளை டயல், கருப்பு எண்கள். பின்பக்கம் பெயின்டில் 'எக்ஸாம் ஹால்' என்று எழுதியிருந்தது.

ஏலம் எடுத்தவரிடம் 600 ரூபாய் கொடுத்து, துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். வீட்டில் கிடைத்த வரவேற்பைச் சொல்ல வேண்டியதில்லை. "ஏற்கெனவே வீட்டுல நாலு கடிகாரம் ஓடுது. ஓடாததுக்கு ஒண்ணு வேணுமா?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. பரணில் ஏற்றி வைத்தேன். மூன்று வருடம் அங்கேயே இருந்தது.

சென்ற வருடம் லீவுக்கு வந்த என் பேத்தி (நம் கல்லூரியிலேயே எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள்) எதையோ தேடப் போய் அதை இறக்கிவிட்டாள். பின்மூடியைத் திறந்து பார்த்து, "தாத்தா, இதுல பேட்டரி போட இடமே இல்லை, சாவி கொடுக்கவும் ஓட்டை இல்லை, பெண்டுலமும் இல்லை. இது எப்படி ஓடிச்சு?" என்றாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்துத்தான் இந்தக் கட்டுரை வந்தது.

எந்த ஊர் மணி?

நம் முன்னோர்கள் நாழிகை வட்டிலில் காலத்தை அளந்தவர்கள். ஒரு நாளைக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். ஊருக்கு ஊர் சூரியன் உச்சிக்கு வரும் நேரம் வேறு என்பதால் ஊருக்கு ஊர் மணியும் வேறாக இருந்தது. மாட்டு வண்டியில் போகிற வரைக்கும் அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ரயிலும் தந்தியும் வந்த பிறகுதான் சிக்கல்.

அந்தச் சிக்கலுக்கு இந்தியா முழுவதற்கும் விடை கொடுத்த ஊர் சென்னை. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக் கூடம் கட்டியது. அங்கே இருந்த ஜான் கோல்டிங்காம் 1802-ல் சென்னையின் தீர்க்க ரேகையைக் கணக்கிட்டு, கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால் என்று நிர்ணயித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்வேக்கள் பெரும்பாலும் இந்தச் 'சென்னை நேர'த்தைத்தான் பின்பற்றின. காரணம் எளிது: பம்பாய் நேரம் அரை மணி பின்னால், கல்கத்தா நேரம் அரை மணி முன்னால், நாம் நடுவில். பஞ்சாயத்துக்கு நடுவில் நிற்கிறவன்தானே சரி!

1906 ஜனவரி 1 முதல் இன்றைய இந்திய நேரம், அதாவது கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால், நடைமுறைக்கு வந்தது. சென்னைக் கடிகாரங்களைச் சுமார் 9 நிமிடம் முன்னே தள்ளினார்கள். கல்கத்தாக்காரர்கள் 1948 வரையிலும், பம்பாய்க்காரர்கள் 1955 வரையிலும் தங்கள் ஊர் மணியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பது கொசுறுச் செய்தி. நுங்கம்பாக்கத்தில் வானிலை ஆய்வு மைய வளாகத்துக்குள் அந்தப் பழைய வானாய்வுக் கூடத்தின் கருங்கல் தூண் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்து பொறித்திருக்கிறார்கள். அங்கே இருந்த ஷெல்டன் என்ற பழைய பெண்டுலக் கடிகாரம் பிற்பாடு கொடைக்கானல் வானாய்வுக் கூடத்துக்குப் போனது.

நேரத்தை நிர்ணயித்தாயிற்று. ஆனால் ஒரு கட்டிடத்தில் உள்ள நாற்பது கடிகாரமும் அந்த ஒரே நேரத்தைக் காட்ட வேண்டுமே, அதற்கு என்ன வழி? தினமும் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் சாவி கொடுத்துத் திருத்திக்கொண்டே போக வேண்டும். கடைசிக் கடிகாரத்தைத் திருத்துவதற்குள் முதல் கடிகாரம் தவறியிருக்கும். இங்கேதான் மின்சாரம் வருகிறது.

குடியானவர் வீட்டுப் பையன்

ஸ்காட்லாந்தின் வடகோடியில், ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தவர் அலெக்சாண்டர் பெயின். படிப்பு ஏறவில்லை. விக் என்ற ஊரில் கடிகாரக்காரரிடம் வேலை பழகினார். 1830-ல் தர்சோ என்ற ஊரில் ஒளி, வெப்பம், மின்சாரம் பற்றி நடந்த ஒரு பொதுச் சொற்பொழிவைக் கேட்கப் பல மைல் நடந்தே போனாராம். அதுதான் அவருடைய இன்ஜினியரிங் காலேஜ். லண்டனுக்கு வந்து, மின்சாரத்தால் ஓடும் கடிகாரத்துக்கு 1841 ஜனவரியில் பேட்டன்ட் எடுத்தார்.

அதற்கு முன் ஒரு வேடிக்கை நடந்தது. வேடிக்கை என்று இப்போது சொல்கிறேன், அவருக்கு அது வயிற்றெரிச்சல். 1840-ல் தன் மாதிரியை எடுத்துக்கொண்டு பெரிய விஞ்ஞானியான சார்லஸ் வீட்ஸ்டனிடம் காட்டினார். நாம் எல்லோரும் லேபில் அரைத்தோமே 'வீட்ஸ்டன் பிரிட்ஜ்', அவரேதான். இதைத் தொடர வேண்டாம் என்பதுபோல் சொல்லி அனுப்பிவிட்டு, சில மாதங்களில் ராயல் சொசைட்டியில் தன்னுடைய மின்சாரக் கடிகாரம் என்று வீட்ஸ்டன் ஒன்றைக் காட்டினார் என்பது பெயினின் புகார். தகராறு பார்லிமென்ட் வரை போய், கடைசியில் தந்திக் கம்பெனி பெயினுக்கு 10,000 பவுண்டு கொடுக்க வேண்டியதாயிற்று. இதே பெயின்தான் 1843-ல் படத்தைக் கம்பி வழியாக அனுப்பும் முறைக்கும் பேட்டன்ட் எடுத்தார். 1990-களில் நம் ஆபீஸ்களில் பெருமையாக வைத்திருந்தோமே ஃபேக்ஸ் மெஷின், அதற்குக் கொள்ளுத் தாத்தா அது.

பெயினின் கடிகாரத்துக்கும் அதற்குப் பின் வந்த பலவற்றுக்கும் ஒரே வியாதி: கான்டாக்ட். பெண்டுலம் ஒவ்வொரு ஆட்டத்திலும் மெல்லத் தொட்டுவிட்டுப் போகிற கான்டாக்டில் தூசும் துருவும் ஏறி, ஒரு தடவை மின்சாரம் வரும், ஒரு தடவை வராது. அழுத்தமாகத் தொட வைத்தால் பெண்டுலத்தின் நடை கெட்டுவிடும். ஐம்பது வருடம் இந்தத் தலைவலி நீடித்தது.

பதினைந்து பல்லும் ஒரு கையும்

இந்தத் தலைவலிக்கு மருந்து கண்டவர்கள் இங்கிலாந்தில் ஃபிராங்க் ஹோப்-ஜோன்ஸும் ஜார்ஜ் போவெலும். 1895-ல் அவர்கள் எடுத்த பேட்டன்ட்டிலிருந்து வளர்ந்ததுதான் 'சின்க்ரனோம்' முறை. நம் கல்லூரி மெயின் பிளாக் வராந்தாவில், கண்ணாடிக் கதவு போட்ட நீளமான பெட்டிக்குள் ஆடிக்கொண்டிருந்த தாய்க் கடிகாரம் இந்த முறையில் செய்தது. எழுபதுகளில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அதன் கண்ணாடியில் தலை வாரிக்கொள்ளாத மாணவர் கிடையாது.

அதன் வேலையைப் பேத்திக்குச் சொன்னதுபோல் உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான பெண்டுலம். ஒரு பக்கம் போக ஒரு விநாடி, திரும்பி வர ஒரு விநாடி. இரண்டு விநாடிக்கு ஒரு முறை, பெண்டுலத்தில் உள்ள ஒரு சிறு கொக்கி 15 பல் உள்ள ஒரு சக்கரத்தை ஒரு பல் இழுக்கும். 15 பல், 30 விநாடி, ஒரு சுற்று. சுற்று முடியும்போது, தாழ்ப்பாளில் மாட்டியிருக்கும் ஒரு கனமான கை விடுபட்டுக் கீழே இறங்கும். இறங்கும்போது பெண்டுலத்துக்கு ஓர் உந்து கொடுக்கும். அதோடு அதன் முழுக் கனத்தோடு போய்க் கான்டாக்டில் உட்காரும். உடனே மின்காந்தம் வேலை செய்து கையை 'சடக்' என்று மேலே தூக்கித் தாழ்ப்பாளில் மாட்டிவிடும். கான்டாக்ட் விடுபட்டுவிடும்.

இதில் உள்ள புத்திசாலித்தனத்தைக் கவனியுங்கள். கான்டாக்டை அழுத்துவது பெண்டுலம் இல்லை, பூமியின் ஈர்ப்பு. அழுத்தத்துக்கு அழுத்தம், பெண்டுலத்துக்கு விடுதலை. பேட்டரி இறங்கினால் கையைத் தூக்கச் சற்று நேரமாகும், 'சடக்' சத்தம் இழுத்துக்கொண்டு வரும். சத்தத்தைக் கேட்டே பேட்டரியைக் கவனிக்கலாம்.

கையைத் தூக்கும் அதே மின்சாரம்தான் கட்டிடம் முழுவதும் சீரிஸாக இணைத்திருக்கும் அத்தனை டயல்களின் காயில்களிலும் ஓடும். டயலுக்குள் சுயமாக ஓடும் பொறி எதுவும் கிடையாது. ஒரு காயில், ஒரு ஸ்பிரிங், 120 பல் உள்ள ஒரு சக்கரம், அவ்வளவுதான். மின்சாரம் வந்ததும் காயில் ஒரு நெம்புகோலை இழுத்து அடுத்த பல்லில் மாட்டும். மின்சாரம் நின்றதும் ஸ்பிரிங் அந்தப் பல்லைத் தள்ளும். நிமிட முள் அரை நிமிடம் நகரும். 120 அரை நிமிடம் ஒரு மணி. எல்லா ஹாலிலும் ஒரே கணத்தில் 'டிக்'. தாய் சொன்னதைப் பிள்ளைகள் கேட்கும் கூட்டுக் குடும்பம்.

இந்தக் குடும்பத்தின் சிகரம் ஷார்ட் கடிகாரம். வில்லியம் ஷார்ட் ஒரு ரயில்வே இன்ஜினியர். காற்று நீக்கிய உருளைக்குள் சுதந்திரமாக ஆடும் பெண்டுலம் ஒன்று, அதற்காக உழைக்கும் சின்க்ரனோம் கடிகாரம் ஒன்று என்று ஜோடி சேர்த்தார். முதல் ஜோடி 1921 டிசம்பரில் எடின்பரோ வானாய்வுக் கூடத்தில் ஓடியது. பிழை வருடத்துக்கு ஒரு விநாடி அளவுதான்.

பிளக்கில் சொருகும் கடிகாரம்

இன்னொரு வகை மின்சாரக் கடிகாரமும் உண்டு. அமெரிக்காவில் ஹென்றி வாரன், ஏ.சி. மின்சாரத்தின் அலைவரிசையையே பெண்டுலமாக்கி, சின்க்ரனஸ் மோட்டாரால் கடிகாரம் ஓட்டினார். ஆனால் மின்நிலையத்துக்காரர்கள் அலைவரிசையைச் சரியாக வைத்தால்தானே? 1916-ல் பாஸ்டன் மின்நிலையத்தில் இரண்டு முள் உள்ள ஒரு கடிகாரத்தை வைத்தார். ஒரு முள் பெண்டுலத்தில், இன்னொன்று அவர்களுடைய மின்சாரத்தில். இரண்டும் சேர்ந்து நடக்கும்படி மெஷினை ஓட்ட வேண்டும்.

நம்மூரில் அந்த வகை ஏன் பரவவில்லை என்று லோட் டெஸ்பாட்ச் சென்டரில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் நான் சொல்ல முடியும். தொண்ணூறுகளில் தென்மாநில கிரிடில் 50 ஹெர்ட்ஸ் என்பது லட்சியம். 48.5 என்பது யதார்த்தம். 48.5-ல் ஓடும் சின்க்ரனஸ் கடிகாரம் மணிக்கு 1 நிமிடம் 48 விநாடி தாமதிக்கும், ஒரு நாளில் 43 நிமிடம். ஆபீசுக்கு லேட்டாகப் போக நல்ல சாக்கு! 2003-ல் அலைவரிசையோடு விலையை இணைக்கும் கட்டண முறை தென்மாநிலங்களுக்கு வந்த பிறகு நிலைமை சீரானது. 2013 டிசம்பர் 31-ல் நம் கிரிட் நாட்டின் மற்ற கிரிடுகளோடு இணைந்தது.

மேஜை மேல் ஆபரேஷன்

நிற்க. ரிப்பேருக்கு வருவோம். மாணவர்கள் கவனத்துக்கு முதலில் இரண்டு எச்சரிக்கை. பிளக்கில் சொருகும் பழைய கடிகாரமானால், வயரைப் பிடுங்கிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். பழைய ரப்பர் வயர் தொட்டாலே உதிரும். இரண்டாவது, இருட்டில் ஒளிர்கிற பழைய டயலைச் சுரண்டவே கூடாது. அந்தக் காலப் பெயின்டில் ரேடியம் இருக்கலாம். ஒளி செத்துப்போயிருக்கும், ரேடியம் சாகாது. அதன் அரை ஆயுள் 1,600 வருடம்.

நம் டயலில் அந்த ஆபத்து எதுவும் இல்லை. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தோம். இரண்டு காயில் சீரிஸில். ஒன்று இரண்டு ஓம் காட்டியது, மற்றது ஓபன். எனக்கு மனசு உடைந்தது. காயிலைத் திரும்பச் சுற்ற வேண்டுமோ? பேத்திதான் லென்ஸ் வைத்துப் பார்த்து, "தாத்தா, இங்க பச்சையா இருக்கு பாருங்க" என்றாள். வெளியே வரும் முனையில், சால்டர் வைத்த இடத்தில், தாமிரம் களிம்பேறி அறுந்திருந்தது. ஒரு சுற்று மட்டும் பிரித்து, சுரண்டி, சால்டர் வைத்தோம். இரண்டும் சேர்ந்து நாலு ஓம். உயிர் இருக்கிறது!

அடுத்த வியாதி எண்ணெய். பிற்காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான் சக்கரங்களுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார். அது பிசினாகி, முள் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தது. சக்கரங்களைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊற வைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தோம். அச்சு உட்காரும் துளைகளை ஈர்க்குச்சியைக் கூராக்கித் துடைத்தோம். பிறகு கடிகார எண்ணெய் குண்டூசி முனையில் தொட்டு ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு பொட்டு. பல்லுக்கு எண்ணெய் விடக்கூடாது. எண்ணெய் தூசியைக் கூப்பிடும்.

தாய்க் கடிகாரத்துக்கு என்ன செய்வது? அது போன இடம் தெரியவில்லை. அந்தப் பொறுப்பைப் பேத்தி எடுத்துக்கொண்டாள். ஒரு அர்டுயினோ போர்டு, நேரம் காட்டும் ஒரு சிப், ஒரு டிரான்சிஸ்டர், காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு. போன் சார்ஜரின் 5 வோல்ட்டை ஒரு 12 ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கொடுத்தால் 0.3 ஆம்பியர். அரை நிமிடத்துக்கு ஒரு முறை கொஞ்ச நேரம் கொடுத்து நிறுத்தினால் போதும்.

இந்த இடத்தில் ஒரு சுவையான ஒற்றுமை. குவார்ட்ஸ் கடிகாரத்தின் படிகம் விநாடிக்கு 32,768 தடவை அதிரும். அதைப் பாதியாக்கி, பாதியாக்கி, 15 தடவை பாதியாக்கினால் விநாடிக்கு ஒன்று. பழைய தாய்க் கடிகாரத்தில் 15 பல், புதிய தாயில் 15 பாதி. குவார்ட்ஸ் கடிகாரத்தை 1927-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் வாரன் மாரிசன் செய்தார். ஓர் அறை நிறைய இருந்த அது, 1969-ல் ஜப்பானில் கைக்கடிகாரமாக விற்பனைக்கு வந்தது. எண்பதுகளில் நம் கல்லூரிச் சுவர்களுக்கும் வந்தது. ஒவ்வொரு ஹாலுக்கும் தனித்தனி பேட்டரிக் கடிகாரம் மாட்டியதும் தாய் தேவையில்லாமல் போனாள். ஒவ்வொரு ஹாலிலும் ஒவ்வொரு நேரம் ஓட ஆரம்பித்தது. இன்று எல்லோர் கையிலும் இருக்கும் போன், மறுபடியும் ஒரு தாய்க் கடிகாரத்தைக் கேட்டுத்தான் மணி காட்டுகிறது. கூட்டுக் குடும்பம் வேறு உருவில் திரும்பி வந்துவிட்டது.

ராத்திரி ஒன்பதரைக்கு இணைப்புக் கொடுத்தோம். 'டிக்'. முள் அரை நிமிடம் நகர்ந்தது. "ஓடுது தாத்தா!" என்று பேத்தி கத்தினாள். கடிகாரமே வேண்டாம் என்ற மனைவியும் வந்து நின்று அடுத்த டிக்குக்காகக் காத்திருந்தாள். நான் மட்டும் சரியாகச் சந்தோஷப்படவில்லை. காரணம், அன்று மத்தியானம் பெட்டிக்குள் நான் பார்த்த ஒரு காகிதம்.

மணிக்காரர்

எங்கள் காலத்தில் தாய்க் கடிகாரத்தையும் பேட்டரி ரூமையும் பார்த்துக்கொண்டு, பீரியட் மணியும் அடித்தவரை 'மணிக்காரர்' என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பது வயதிருக்கும். காக்கிச் சட்டை, காதில் பென்சில். எட்டாவது படித்தவர். அந்தக் கடிகாரத்தைப் பற்றி எங்கள் வாத்தியார்களை விட அவருக்கு அதிகம் தெரியும். மூன்றாவது வருடத்தில் ஒரு நாள், வராந்தாச் சுவரில் இருந்த இணைப்புப் பெட்டியைத் திறந்து எனக்கு விளக்கினார்.

"தம்பி, எல்லாம் ஒரே வரிசைக் கட்டு. எங்கயாவது அறுந்துச்சுன்னா அத்தனையும் நின்னுடும். ஆனா ஒரு டயலோட ரெண்டு முனையையும் சேர்த்துட்டா, அது மட்டும் நிக்கும், மத்ததெல்லாம் பாட்டுக்கு ஓடும். நான் ஒண்ணைக் கழட்டி எண்ணெய் போடறப்போ அப்படித்தான் செய்வேன்."

அவர் எனக்குப் பாடம் சொன்னார். நான் அதை வேறு விதமாகப் பயன்படுத்தினேன்.

1974-ல் ஒரு மாடல் எக்ஸாம். என் அறை நண்பன் சிவில். எந்தப் பரீட்சையிலும் அவனுக்குக் கடைசிப் பத்து நிமிடம் போதாது. எனக்கு அன்று பரீட்சை இல்லை. மத்தியானம் மூன்று மணிக்கு, வராந்தாவில் யாரும் இல்லாத சமயம், மெஷின்ஸ் லேபிலிருந்து எடுத்த ஒரு சிவப்பு வயர்த் துண்டால் எக்ஸாம் ஹால் டயலின் இரண்டு முனையையும் சேர்த்தேன். பத்து நிமிடம் கழித்து வயரை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டேன். ஹால் கடிகாரம் இருபது டிக்கைத் தவறவிட்டது. எழுதிக்கொண்டிருந்தவர்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஐந்து மணிக்கு மணிக்காரர் மணி அடித்தார். ஹால் கடிகாரம் 4.50 காட்டியது. பையன்கள் கூச்சல் போட்டார்கள். வாத்தியார்கள் கையில் இருந்த கடிகாரங்கள் ஆளுக்கு ஒரு மணி காட்ட, ஹால் கடிகாரமே கணக்கு என்று பத்து நிமிடம் கொடுத்தார்கள். நண்பன் கடைசிக் கணக்கை முடித்தான். ராத்திரி மெஸ்ஸில் எனக்கு இரண்டு ஆம்லெட்.

ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. டயலைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று மணிக்காரருக்கு மெமோ கொடுத்து, ஒரு வருட இன்க்ரிமென்டை நிறுத்திவிட்டார்கள். போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை கிளம்பினேன். சஸ்பென்ஷன், வீட்டுக்குக் கடிதம், அப்பாவின் முகம் எல்லாம் கண்முன் வந்தன. போகவில்லை. எப்படி நடந்தது என்று அவருக்குத் தெரியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எப்போது பார்த்தாலும் "என்ன தம்பி, சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்பார்.

சென்ற ஆண்டு அந்தப் பெட்டியைச் சுத்தம் செய்தபோது, உள்பக்கம் மரத்தில் ஒட்டிய ஒரு பழுப்புக் காகிதம் இருந்தது. பென்சில் எழுத்து. தேதி வாரியாக எண்ணெய் போட்டது, ஸ்பிரிங் மாற்றியது, கண்ணாடி துடைத்தது என்று வரிசையாகக் குறிப்பு. 1974-ல் அந்தத் தேதிக்கு நேரே இருந்த குறிப்பு இது: பத்து நிமிடம் குறைவு; வராந்தாப் பெட்டியில் நட்டுக்கு அடியில் சிவப்பு வயர் இழை இருந்தது; எடுத்தாயிற்று; இருபது டிக் கொடுத்துச் சரி செய்தாயிற்று.

மெமோவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த வரியில், அடுத்த மாதம் எண்ணெய் போட்ட தேதி.

ஆக, அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அந்த வயர் இழையை ஆபீசில் காட்டியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். விசாரணை வந்திருக்கும், யாரோ ஒரு பையனின் படிப்பு போயிருக்கும். எந்தப் பையன் என்று அவர் ஊகிப்பதும் கஷ்டமில்லை. அந்தப் பெட்டியைத் திறந்து அவர் பாடம் சொன்னது எனக்குத்தான்.

கல்லூரி அலுவலகத்தில் விசாரித்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஓய்வு பெற்றார், பல வருடங்களுக்கு முன்பே காலமாகிவிட்டார் என்பதற்கு மேல் விவரம் இல்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு விலாசம் இல்லை. அதனால்தான் இந்த மலரில் எழுதுகிறேன். அன்று ஹால் கடிகாரம் தவறியதற்கு அவர் பொறுப்பில்லை. நான்தான் பொறுப்பு. கல்லூரி ரிக்கார்டில் இதைத் திருத்த முடியுமா என்று தெரியவில்லை, முதல்வருக்கு எழுத்து மூலம் கொடுத்திருக்கிறேன். அவர் குடும்பத்தாரை அறிந்தவர்கள் சங்க அலுவலகத்தில் தெரிவித்தால் நேரில் போய் வருவேன். நின்றுபோன அந்த இன்க்ரிமென்டை வட்டியோடு கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். பணத்தால் அது தீராது என்பதும் தெரியும்.

டயல் இந்தச் சந்திப்பு நாளன்று நூலக வாசலில் மாட்டப்படும். பழைய காகிதத்தை எடுக்கவில்லை, அதன் மேல் கண்ணாடித்தாள் ஒட்டியிருக்கிறோம். பக்கத்தில் ஒரு புதுக் காகிதம் ஒட்டி, ரிப்பேர் செய்த தேதியையும் சால்டர் வைத்த இடத்தையும் பேத்தி பென்சிலால் எழுதியிருக்கிறாள். இனி எண்ணெய் போடுகிற மாணவர்கள் கீழே எழுதிக்கொண்டே வாருங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம்.